பூனைக்காலியும் ஆராய்ச்சி எலியும்

வேலியோரங்களிலும் புதர்களிலும் தானே முளைத்துப் படரும் கொடிகள் நம் நாட்டில் பல உள. அவற்றுள் பூனைக்காலி என்பதும் ஒன்று. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்று மூன்றாக அமைந்த இலைகளும், கொத்துக் கொத்தாகத் தொங்கும் கருஞ்சிவப்பு மலர்களும் உடையது. அதன் காய் வளைந்து, மெல்லிய மயிர் போர்த்துப் பூனையின் காலைப்போலத் தோன்றும். அதனால் இக்கொடி அப்பெயர் பெற்றது என்பர். மென்பட்டுப்போல் தோன்றும் அம்மயிரைத் தொட்டவர் அதனை எளிதில் மறவார். தொட்ட இடமெல்லாம் பொறுக்க முடியாத நமைச்சல் எடுக்கும். ஆடு மேய்க்கும் சிறுவரும் அப்புதரை விட்டு விலகியே செல்வர்.

ஆயினும், நம் முன்னோர் இக்கொடியை வெறுத்து ஒதுக்கவில்லை. அதன் விதையைப் பக்குவப்படுத்தி மருந்தில் சேர்த்தனர். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பூனைக்காலி விதைக்கு நெடுங்காலமாக இடம் உண்டு. கண்டாரை விலகச் செய்யும் இந்தக் கொடியின் விதைக்குள் மருத்துவ உலகம் தேடியலைந்த ஓர் அரும்பொருள் ஒளிந்திருந்தது. அப்பொருளின் பயனை மனிதனுக்கு உணர்த்துவதில் ஆராய்ச்சிக்கூடத்து எலிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

1937ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர் இருவர் பூனைக்காலி விதையை ஆராய்ந்தனர். அவ்விதையிலிருந்து அவர்கள் ஒரு வெண்ணிறப் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். அதன் நீண்ட இரசாயனப் பெயரைச் சுருக்கி டோபா என்று வழங்குவர். தாம் கண்ட செய்தியை அவர்கள் இங்கிலாந்தில் வெளிவந்த உயிர்வேதியியல் இதழில் எழுதினர். விதையின் எடையில் நூறு பங்குக்கு ஏறத்தாழ மூன்று முதல் ஆறு பங்கு வரை டோபா இருப்பதுண்டு. விதையின் வகைக்கும் விளைந்த நிலத்துக்கும் ஏற்ப இவ்வளவு மாறுபடும்.

டோபா அதற்கு முன்பே அறிஞருக்கு அறிமுகமான பொருள்தான். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் குக்கன்ஹைம் என்பவர் 1913ஆம் ஆண்டிலேயே ஒருவகை அவரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். அதனால் என்ன நேரும் என்று அறியும் ஆவலில் இரண்டரைக் கிராம் அளவைத் தாமே விழுங்கியும் பார்த்தார். கடும் வாந்தி உண்டானதே அவர் கண்ட பயன். ஆகவே, டோபா யாதொரு மருத்துவப் பயனும் அற்ற பொருள் என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. சென்னை அறிஞர் அதனைப் பூனைக்காலியில் கண்டபோதும், அதன் உண்மையான ஆற்றலை உலகில் எவரும் அறிந்திலர். பூட்டு எங்கேயுள்ளது என்று தெரியாமல் கையில் கிடைத்த சாவியைப்போல அது இருந்தது.

இனி, அந்தப் பூட்டைப் பற்றிக் கூறுவோம். முதுமையில் சிலரைப் பற்றும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதனை நம் நாட்டு மருத்துவர் நடுக்குவாதம் என்பர். 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் அந்நோயின் இயல்புகளைத் தெளிவாக எழுதி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆதலால் அவர் பெயராலேயே உலகெங்கும் அது வழங்குகிறது. இந்நோய் உற்றவரின் கை, வாளா இருக்கும்போதே நடுங்கும். உடல் விறைக்கும். நடை தளர்ந்து, அடிகள் குறுகும். முகத்தில் மலர்ச்சி மறையும். அறுந்த நூலை இமைப்பொழுதில் முடிந்துவிட்டுத் தறியை ஓட்டிய விரல்கள், சட்டைப் பொத்தானைப் பூட்டவும் இயலாமல் தடுமாறும். எழுந்து நடக்க உள்ளம் விழையும். கால்களோ நிலத்தில் ஒட்டிக்கொண்டவைபோல் நின்றுவிடும். தாகத்துக்கு நீர் பருகவும் பிறர் உதவியை நாடவேண்டிய நிலை வந்துவிடும். பார்க்கின்சன் எழுதிய பின் நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தும் இந்நோயின் அடிப்படை யாது என்பது விளங்கவில்லை.

அதனை விளக்கும் ஒளி, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அதற்கும் நம் நாட்டு மூலிகை ஒன்றே காரணமாயிற்று. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை இந்திய மருத்துவர் பித்து நோய்க்கும் உறக்கமின்மைக்கும் தொன்றுதொட்டுப் பயன்படுத்தி வந்தனர். 1931ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவர்களான கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், அவ்வேர் மனநோயையும் மிகுந்த இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்து அறிஞர் அவ்வேரின் முதன்மையான மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ரிசர்ப்பைன் என்று பெயரிட்டனர்.

ரிசர்ப்பைன் மருந்தை எலி, முயல் முதலிய சிறு விலங்குகளுக்குக் கொடுத்தபோது வியத்தகு மாறுதல் ஒன்று தோன்றியது. ஓடித் திரிந்த விலங்குகள் ஓய்ந்துபோய் ஒடுங்கின. கண்ணிமைகள் பாதி மூடின. முயலின் காதுகள் தொங்கின. வைத்த இடத்திலேயே பதுமைபோல் கிடந்தன. அவை உறங்கவில்லை, வலிமை இழந்து வீழவும் இல்லை, இயங்கும் தூண்டுதலை மட்டும் இழந்திருந்தன. அவற்றின் நிலை, நடுக்குவாதம் முற்றிய மனிதரின் நிலையைப் பெரிதும் ஒத்திருந்தது. அம்மருந்தைப் பேரளவில் உண்ட மனிதர் சிலருக்கும் அந்நோயின் குறிகள் தோன்றியதை மருத்துவர் கண்டனர்.

சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆர்விட் கார்ல்சன் என்பவர் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1957ஆம் ஆண்டில், ரிசர்ப்பைனால் ஓய்ந்து கிடந்த முயல்களுக்கும் சுண்டெலிகளுக்கும் அவர் டோபாவை ஊசி வழியாகச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அந்த அற்புதம் நிகழ்ந்தது. தொங்கிய காதுகள் நிமிர்ந்தன. மூடிய கண்கள் திறந்தன. பதுமைபோல் கிடந்தவை எழுந்து ஓடலாயின. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட பொருள், செயலற்றுக் கிடந்த உயிர்களை மீண்டும் இயங்க வைத்தது. சாவிக்குரிய பூட்டு இன்னதென்று அன்றே புலனாகத் தொடங்கியது.

டோபா இவ்வாறு செயற்படுவது எங்ஙனம்? மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணு தான் சொல்ல விரும்பும் செய்தியை ஒரு வேதிப்பொருளின் வடிவில் அவ்விடைவெளியில் விடுகிறது. அடுத்த அணு அதனை ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு தூது செல்லும் பொருள்கள் பல. அவற்றுள் ஒன்று டோபமைன். டோபா மூளைக்குள் சென்றதும் டோபமைனாக மாறுகிறது. 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காத்லீன் மான்டகு என்னும் அம்மையார் மூளையில் டோபமைன் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டில் கார்ல்சனும் அவருடைய துணைவரும் அதன் அளவை நுட்பமாக அளந்தனர். ரிசர்ப்பைன் மூளையிலுள்ள டோபமைனைக் காலிசெய்துவிடுகிறது என்றும், டோபா அதனை மீண்டும் நிரப்புகிறது என்றும் மெய்ப்பித்தனர். மூளையின் ஆழத்தில், உடலசைவுகளை ஒழுங்குபடுத்தும் வரிப்பகுதியில் டோபமைன் மிகுதியாக இருப்பதும் விரைவில் தெரியவந்தது.

டோபமைனையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று நீங்கள் வினவலாம். குருதியிலுள்ள எல்லாப் பொருள்களும் மூளைக்குள் புகுந்துவிட முடியாதபடி இயற்கை ஓர் அரண் அமைத்திருக்கிறது. டோபமைன் அவ்வரணைக் கடக்கமாட்டாது, டோபா கடக்கும். கடந்தபின் அது டோபமைனாக மாறிப் பணிசெய்கிறது. ஆகவேதான் டோபா அருமருந்தாயிற்று.

கொங்கு நாட்டுப் பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிகளின் ஓசை நாளெல்லாம் கேட்கும். அத்தறிகளில் நெய்வோர் அறிந்த ஓர் உண்மை இங்கே நமக்குத் துணைசெய்யும். பாவு நூல் தளர்ந்திருந்தால் துணி நேராக அமையாது, நெசவு குலையும். அது மிக இறுகினாலோ இழைகள் படபடவென்று அறும். தளர்வும் இன்றி, மிகுந்த இறுக்கமும் இன்றி, உரிய அளவில் பாவு நிற்கும்போதுதான் நாடா தடையின்றி ஓடித் துணி ஒழுங்காக வளரும். மூளையில் டோபமைனின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. அது குறைந்தால் இயக்கம் தளரும். மிகுந்தால் இயக்கம் நெறி தவறும். இவ்விரண்டு நிலைகளையும் கண்முன் காட்டியவை ஆராய்ச்சி எலிகளே ஆகும்.

முதலில் குறைவைக் காண்போம். விலங்குகளில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பதை ஆராய்ந்தவர், ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரத்து அறிஞர் ஹார்னிகீவிச் என்பவர். அவர் நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளைப் பகுதிகளை, அந்நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளைப் பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் ஒரு சோதனையை அவர் செய்தார். நோயற்றவர் மூளையிலிருந்து எடுத்த கரைசல் சிவந்தது. நோயுற்றவர் மூளையிலிருந்து எடுத்தது ஏறத்தாழ நிறமின்றியே நின்றது. வேறு கருவியின் துணையின்றிக் கண்ணாலேயே வேறுபாட்டைக் காண முடிந்தது. 1960ஆம் ஆண்டில் இவ்வுண்மை வெளியாயிற்று. டோபமைனை உண்டாக்கும் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழிவதே அந்நோயின் அடிப்படை என்று உலகம் உணர்ந்தது.

மறு ஆண்டிலேயே வியன்னாவில் நோயாளிகளுக்கு டோபா ஊசி போடப்பட்டது. படுக்கையில் எழுந்து உட்காரவும் இயலாதிருந்தவர் உட்கார்ந்தனர், நிற்க முடியாதவர் நின்றனர், நின்றவர் நடந்தனர். ஆயினும் அப்பயன் சில மணி நேரமே நிலைத்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்னும் மருத்துவர், டோபாவை வாய்வழியே மிகச் சிறிய அளவில் தொடங்கி, நாளடைவில் மெல்ல மெல்ல உயர்த்திக் கொடுத்தார். குக்கன்ஹைமை வாட்டிய வாந்தி இம்முறையால் பெரிதும் குறைந்தது, பயனும் நீடித்தது. இன்றளவும் நடுக்குவாதத்துக்குத் தரப்படும் மருந்துகளுள் டோபாவே தலைமையிடம் பெற்றுள்ளது. டோபா மூளையை அடையும் முன்னரே சிதைந்துவிடாமல் காக்கும் துணைமருந்து ஒன்றையும் இப்போது அதனோடு சேர்த்துக் கொடுக்கின்றனர்.

இந்நோயை இன்னும் நுணுகி அறியவும், புதிய மருந்துகளை ஆய்ந்து பார்க்கவும் ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதனை ஆக்கித் தந்தவர் சுவீடன் நாட்டு ஊங்கர்ஸ்டெட் என்பவர். மூளை வலம், இடம் என இரு பாதிகளாக அமைந்துள்ளது அன்றோ? அவர் எலிக்கு மயக்கமருந்து கொடுத்து, மூளையின் ஒரு பாதியில் மட்டும் டோபமைன் அணுக்களை ஒருவகை இரசாயனப் பொருளால் அழித்தார். அவ்வெலி உயிர் வாழ்ந்தது, உண்டது, நடமாடியது. ஆனால் அதன் இயக்கத்தில் சமநிலை கெட்டது. ஒரு பக்கத்துத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு நேரே செல்லாமல் வட்டமிடும். அவ்வாறே அவ்வெலியும் வட்டமிட்டது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆம்ஃபெட்டமைன் என்னும் மருந்து, நலமாக உள்ள பாதியிலிருந்து டோபமைனை வெளிப்படுத்துகிறது. அதனைக் கொடுத்தால் எலி, அணுக்கள் அழிந்த பக்கம் நோக்கிச் சுழலும். டோபாவைக் கொடுத்தாலோ எதிர்ப்பக்கம் நோக்கிச் சுழலும். இதற்குக் காரணம் யாது? நெடுநாள் பசித்திருந்தவன் சிறிதளவு உணவையும் பேராவலோடு ஏற்பான். அதுபோல, நெடுநாள் டோபமைன் இன்றிக் காய்ந்திருந்த பாதியிலுள்ள ஏற்கும் அணுக்கள், அப்பொருள் மீண்டும் கிடைத்ததும் மிகுந்த கூர்மையோடு செயற்படுகின்றன. ஆதலால் அழிந்த பக்கமே அப்போது வலிமை பெற்றுவிடுகிறது. எலியை அரைக்கோள வடிவான ஒரு கலத்தில் விட்டு, அது எத்தனை முறை, எத்திசையில் சுழல்கிறது என்பதைக் கருவியால் எண்ணினர். 1970ஆம் ஆண்டில் வெளியான இம்முறை உலகெங்கும் பரவியது. கண்ணுக்குத் தெரியாத மூளை மாற்றத்தை எண்ணால் அளக்க இதனால் வழி பிறந்தது.

அடுத்து, டோபமைனின் மிகுதியால் வரும் கேட்டைக் காண்போம். நலமாக உள்ள எலிக்கு ஆம்ஃபெட்டமைனைச் சிறிதளவு கொடுத்தால், அது ஓய்வின்றிக் கூண்டெங்கும் ஓடும். அளவை மேலும் உயர்த்தினாலோ, ஓட்டம் நின்று வேறொரு விந்தையான நடத்தை தொடங்கும். எலி கூண்டின் ஒரு மூலையிலேயே நின்றுவிடும். தலையை மேலும் கீழும் அசைக்கும். இடைவிடாது மோந்து பார்க்கும், கூண்டின் கம்பியை நக்கும், கொறிக்கும். உணவு அருகில் இருந்தாலும் திரும்பிப் பாராது. பயனற்ற ஒரே செயலை மணிக்கணக்கில் செய்துகொண்டிருக்கும். 1960ஆம் ஆண்டுகளில் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளரான இராண்ட்ரூப், முங்க்வாட் ஆகிய இருவரும் இந்நடத்தையைப் பொறுமையோடு கவனித்து, இது டோபமைனின் மிகையால் விளைவது என்று நிறுவினர்.

அம்மருந்தை மனம்போனபடி பேரளவில் உண்டு பழகிய மனிதரிடத்தும் இத்தகைய கேடு தோன்றக் கண்டனர். இல்லாத குரலைக் கேட்டு அஞ்சுவதும், எவரோ தம்மைக் கொல்ல வருவதாக ஐயுறுவதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் அவர்களிடம் காணப்பட்டன. இவை சிதைமனம் என்னும் கொடிய மனநோயின் குறிகளை ஒத்தன. ஆதலின், அம்மனநோயிலும் டோபமைனின் செயல் மிகுவதற்கு ஒரு பங்கு உண்டு என்னும் கருத்து எழுந்தது. பெல்ஜிய நாட்டில் 1958ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தைக் கொடுத்ததும், எலியின் அந்தப் பொருளற்ற நடத்தை அடங்கியது. அம்மருந்து டோபமைனை ஏற்கும் வாயில்களை அடைத்துவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது.

இங்கும் அளவே முதன்மை பெறுகிறது. ஹாலோபெரிடாலை மிகுதியாகக் கொடுத்தால் எலி மீண்டும் பதுமையாகிவிடும். அதன் முன்னங்கால்களைச் சிறிது உயரத்தில் அமைந்த ஒரு கம்பியின்மேல் எடுத்து வைத்துப் பார்ப்பர். இயல்பான எலி உடனே இறங்கி ஓடிவிடும். மருந்து மிகுந்த எலியோ, வைத்த நிலையிலேயே நெடுநேரம் நிற்கும். அது இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பர். மனநோய்க்கு அம்மருந்தை மிகுதியாக உண்டவருக்கு நடுக்குவாதத்தின் குறிகள் தோன்றுவதன் காரணத்தையும் இச்சோதனை விளக்கிற்று. ஒரு நோயை நீக்க வந்த மருந்து, அளவு தவறினால் மற்றொரு நோயின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

டோபாவும் இவ்விதிக்கு விலக்கன்று. அதனைப் பல ஆண்டுகள் உண்டவருள் பலருக்கு, தம் விருப்பமின்றியே கை, கால், தலை முதலியவை நெளிந்து ஆடும் தொல்லை உண்டாகிறது. நடுங்காமல் இருக்க உண்ட மருந்தே ஆட்டத்தைத் தருகிறது. லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் 1998ஆம் ஆண்டில், மூளையின் ஒரு பாதியில் டோபமைன் இழந்த எலிகளுக்கு நாள்தோறும் டோபா கொடுத்து, அவற்றிடமும் இத்தகைய நெளிவுகள் தோன்றுவதைக் காட்டினர். அந்நெளிவுகளைக் குறைக்கும் வழியைத் தேட இவ்வெலிகள் இன்றும் உதவி வருகின்றன.

பூனைக்காலி விதையின் கதை இத்துடன் முடியவில்லை. 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பாதி மூளையில் டோபமைன் இழந்த எலிகளுக்குப் பூனைக்காலி விதையின் பருப்பைக் கொடுத்தனர். அதிலுள்ள டோபாவின் அளவைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட அது மிகுதியாகப் பயன் தந்தது. 2004ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் நோயாளிகள் எண்மரிடம் அவ்விதையின் பொடியைச் சோதித்தனர். வழக்கமான மாத்திரையைவிட அது விரைவில் பயன் தந்து, நெடுநேரம் நிலைத்தது. ஆயினும், எண்மரைக் கொண்டு உலகுக்கெல்லாம் விதி வகுத்தல் பொருந்தாது என்பதை அறிஞர் உணர்ந்துள்ளனர். இன்னும் பலரிடத்து, நெடுங்காலம் சோதித்த பின்னரே முடிவு கூற இயலும்.

எனவே, வேலியில் கிடக்கும் விதையை எவரும் தாமே பறித்து மருந்தென்று உண்ணலாகாது. ஒரு விதையில் உள்ள டோபாவின் அளவு மற்றொரு விதையில் இராது. அளவு தெரியாமல் உண்டால் வாந்தியும் மயக்கமும் உண்டாகும், மனமும் கலங்கும். முன்னரே மருந்துண்பவர் இதனையும் சேர்த்து உண்டால் தீங்கு மிகும். தேர்ந்த மருத்துவர் ஆராய்ந்து கொடுப்பதே மருந்து. அல்லாதது நஞ்சாகவும் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியைப் பூனைக்காலி நமக்கு மெய்ப்பித்துக் காட்டுகிறது.

எலியிடத்துக் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிச் சொல்லலாமா என்ற வினாவும் எழும். எலியின் மூளையும் நம் மூளையும் அமைப்பில் பலவாறு ஒத்தவை; இரண்டிலும் தூது செல்வது அதே டோபமைன்தான். அதனால் எலி நமக்கு வழிகாட்டுகிறது. ஆனால், எலி தன் அச்சத்தை வாய்திறந்து சொல்லாது. இல்லாத குரல் தனக்குக் கேட்கிறதா என்றும் கூறாது. கம்பியைக் கொறிக்கும் எலி மனநோயுற்ற மனிதன் ஆகிவிடாது. அது காட்டுவது மனித நோயின் ஒரு சாயலே ஆகும். சாயலைக் கண்டு மெய்யை ஊகிக்கலாம். சாயலையே மெய்யென்று கொள்ளலாகாது. எலியிடத்துச் சிறந்த பயன் தந்து, மனிதரிடத்துத் தோற்ற மருந்துகள் பல உண்டு. ஆதலால்தான் எலியிடத்து வென்ற மருந்தையும் பல படிகளில் சோதித்த பின்னரே மக்களுக்கு வழங்குகின்றனர்.

மற்றும் ஒன்று நம் நெஞ்சை உறுத்தும். நம் நோயைத் தீர்க்க வாயில்லா உயிரைத் துன்புறுத்துதல் முறையோ? எவ்வுயிர்க்கும் இரங்குக என்பது நம் நாட்டின் அறம். அவ்வறத்தை ஆராய்ச்சியாளரும் மறத்தல் ஆகாது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டில் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. விலங்குகளைக் கொண்டு செய்யும் சோதனைகளை மேற்பார்க்க அச்சட்டம் ஒரு குழுவுக்கு வகை செய்கிறது. வேறு வழியால் அறியக்கூடியதை விலங்கைக் கொண்டு அறிய முற்படலாகாது. அறுவை செய்யும்போது மயக்கமருந்து கொடுத்து வலியைத் தவிர்க்கவேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் விலங்குகளை நன்கு பேணவேண்டும் என்பன இன்றைய நெறிகள். எத்தனை எலிகள் வேண்டும், ஏன் வேண்டும் என்பதை முன்னரே எழுதிக்காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே சோதனை தொடங்கவேண்டும். ஓர் எலியையும் வீணாக்காத ஆராய்ச்சியே அறத்தோடு பொருந்திய ஆராய்ச்சி ஆகும்.

2000ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு, வேறு அறிஞர் இருவரோடு சேர்த்து, மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அப்பெருமைக்கு அவர் முற்றும் உரியவரே. ஆயினும் இவ்வரலாற்றைத் தொடக்கம் முதல் நோக்கினால் எத்தனை கைகள் இதில் சேர்ந்துள்ளன என்பது புலனாகும். மூலிகையின் குணத்தைப் பட்டறிவால் உணர்ந்த பண்டைய மருத்துவர், தன்மீதே சோதனை செய்த சுவிட்சர்லாந்து அறிஞர், சென்னையில் விதையை ஆராய்ந்த இருவர், கரைசலின் நிறம் மாறுவதை உற்றுநோக்கிய வியன்னா அறிஞர், கூண்டின் முன் அமர்ந்து எலியின் ஒவ்வோர் அசைவையும் எண்ணியவர் ஆகிய அனைவரும் ஒரே துணியின் இழைகள். தாம் நெய்யும் துணி யாருக்கு ஆடையாகும் என்பதை அவர்களுள் பலர் அறிந்திலர். எனினும், தமக்குரிய இழையைப் பழுதின்றி இட்டனர்.

உடலுக்கு ஒவ்வாதது மிகினும் நோய்; உடலுக்கு வேண்டியதே மிகினும் நோய்; அது குறையினும் நோய். நோய்க்கும் நலத்துக்கும் இடையே நிற்பது அளவு என்னும் மெல்லிய கோடு ஒன்றே. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை இக்கருத்தைக் கொண்டே தொடங்குகிறார். அவர் கூறிய அளவை மூளையின் நுண்ணிய இடைவெளியிலும் கண்டறிந்து, நோயுற்றோர் துயரைத் தணிப்பதே அறிவியலின் பணி. நடுக்குவாதத்தை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. அழிந்துபோன நரம்பணுக்களை மீட்கும் வழியை அறிஞர் தேடி வருகின்றனர். அத்தேட்டத்தில் பங்குகொள்ள விரும்பும் மாணவர், கண்முன் உள்ள எளிய பொருளையும் உற்றுநோக்கும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்வாராக. வேலியோரத்துக் கொடியும் வினவுவோர்க்கு விடை கூறும்.

பயிற்சி

வினாக்கள்

1. பூனைக்காலிக் கொடியின் தோற்றத்தையும் அதன் பெயர்க்காரணத்தையும் எழுதுக.
2. 1937ஆம் ஆண்டில் சென்னை ஆய்வகத்தில் நிகழ்ந்தது யாது? அப்போது அதன் பயன் உணரப்படாமைக்குக் காரணம் என்ன?
3. ரிசர்ப்பைன் கொடுக்கப்பட்ட விலங்குகளின் நிலையையும், டோபா கொடுத்தபின் ஏற்பட்ட மாறுதலையும் விளக்குக.
4. டோபமைனின் அளவை ஆசிரியர் தறியின் பாவு நூலோடு ஒப்பிடுவதன் பொருத்தத்தை ஆராய்க.
5. மூளையின் ஒரு பாதியில் டோபமைன் இழந்த எலி, ஆம்ஃபெட்டமைனுக்கு ஒரு திசையிலும் டோபாவுக்கு மற்றொரு திசையிலும் சுழல்வது ஏன்?
6. "சாயலைக் கண்டு மெய்யை ஊகிக்கலாம், சாயலையே மெய்யென்று கொள்ளலாகாது." இத்தொடரை இடஞ்சுட்டி விளக்குக.

கட்டுரைப் பயிற்சி

உங்கள் ஊரில் வளரும் மூலிகை ஒன்றினைத் தேர்ந்து, அதன் தோற்றம், மக்கள் அதனைப் பயன்படுத்தும் முறை, அதனைப் பயன்படுத்துவதில் கொள்ளவேண்டிய எச்சரிக்கை ஆகியவற்றைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.